பன்னிக்கு வெச்சது

திங்கட்கிழமை சபைகூடல் முடிந்து வகுப்புக்குள் நுழைந்தபோது என் மேசைமேல் ஒரு மோட்டார் கிளட்ச் கேபிள் கிடந்தது. மேலிருக்கும் கறுப்பு உறையை உரித்து, உள்கம்பியின் ஒரு முனையில் சிறு வளையம் கட்டி, மறுமுனையை அதற்குள் நுழைத்து விட்டிருந்தார்கள். இழுத்துப் பார்த்தேன். இறுகியது. இன்னும் இழுத்தால் இன்னும் இறுகும். கம்பியில் காய்ந்த மண் ஒட்டியிருந்தது. மண்ணோடு சேர்ந்து இரண்டு மூன்று தடித்த கறுப்பு முடிகள்.

“யாரு வெச்சது இது?”

ஐந்தாம் ஆண்டு வகுப்பில் மொத்தமே பதினொரு பேர். பத்துப் பேரும் ஒரே பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். பதினொன்றாவது ஆள் எழுந்து நின்றான்.

“நான்தான் சார். வீட்டுல இருந்துச்சு. நீங்க அன்னிக்குக் காட்டுனது கயிறு. இதுதான் நெசமானது.”

அவன் முகத்தில் இருந்த பெருமை எனக்கும் தொற்றிக்கொண்டது. ஓர் ஆசிரியர் அந்த இடத்தில் என்ன செய்வாரோ அதைச் செய்தேன். கம்பியைத் தூக்கிப் பிடித்து எல்லாருக்கும் காட்டினேன். “பாத்தீங்களா, எவ்வளவு துணிச்சலாக் கொண்டாந்திருக்கான்! எல்லாரும் கை தட்டுங்க” என்றேன். தட்டினார்கள்.

அந்தக் கைத்தட்டலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

*

நான் வேலை செய்யும் பள்ளி பேராக்கின் வடக்கே, கிரிக் போகும் பாதையில் இருக்கிறது. முன்பக்கம் செம்பனை. பின்பக்கம் சிறிய பள்ளிவளாகக் காய்கறித் தோட்டம், அதைத் தாண்டி ஒரு சரிவு, ஓர் ஓடை, அதற்கப்பால் காடு. பள்ளியின் பெயரையும் பையனின் பெயரையும் எழுதப்போவதில்லை. காரணம் போகப் போகப் புரியும்.

வனவிலங்குப் பாதுகாப்பு என்றால் எங்கள் பள்ளியில் பல வருடங்களாக ஜூலை 29 மட்டும்தான். அனைத்துலகப் புலிகள் தினம். வண்ணம் தீட்டும் போட்டி, சுலோகம் எழுதும் போட்டி, முகத்தில் ஆரஞ்சுச் சாயம் பூசிக்கொண்டு ஒரு குழுப்படம். ‘புலியைக் காப்போம்’ என்று பிள்ளைகள் எழுதிய மணிலா அட்டைகள் நூலகச் சுவரில் அடுத்த ஜூலை வரைக்கும் வெளுத்துக்கொண்டிருக்கும். நானும்தான் அந்தப் போட்டிகளுக்கு நடுவராக இருந்திருக்கிறேன். “புலியை யார் கொல்கிறார்கள்?” என்று கேட்டால் வகுப்பு முழுக்க ஒரே பதில் வரும். “கெட்டவங்க சார்.” கெட்டவர்கள் எங்கே இருக்கிறார்கள்? “வெளிநாட்டுல இருந்து வருவாங்க சார்.” சரி என்று குறித்துக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். அந்தப் பதிலில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. எல்லை தாண்டி வந்து மாதக்கணக்கில் காட்டுக்குள் தங்கிக் கண்ணி வைக்கும் கூட்டங்கள் இருக்கத்தான் செய்கின்றன. அதனால்தான் அந்தப் பதில் எங்களுக்கு அவ்வளவு வசதியாக இருந்தது.

2025 மே மாதம் அன்னையர் தினத்தன்று கிரிக்–ஜெலி நெடுஞ்சாலையில் ஒரு யானைக்குட்டி லாரி மோதி இறந்தது. தாய் யானை லாரியை முட்டிக்கொண்டு அங்கேயே நின்ற காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த வாரம் என் வகுப்பில் மூன்று பெண் பிள்ளைகள் அழுதார்கள். யானைப் படம் வரைந்தார்கள். படத்தில் தாய் யானைக்குக் கண்ணீர் நீலநிறத்தில் ஓடியது. இரண்டு வாரம் கழித்து ஒரு மாலை, யானை எதைத் தின்னும், ஏன் சாலையைக் கடக்கிறது என்று சும்மா கேட்டுப்பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. யானைகள் நடமாடும் காடு பள்ளிக்குப் பின்னாலேயே இருக்கிறது. அழுத பிள்ளைகளுக்கும் தெரியவில்லை. அழவைக்கும் அளவுக்குப் பாடம் நடந்திருக்கிறது, அறியவைக்கும் அளவுக்கு நடக்கவில்லை என்று தோன்றியது. அன்றைக்குத்தான் மணிலா அட்டையை மூட்டை கட்டினேன்.

*

முதலில் புலிகளை எண்ணினோம்.

ஆளுக்கு ஒரு தாள். தாளின் இரண்டு பக்கத்திலும் வெறும் புலி உருவம். வரிகளை அவரவர் போட வேண்டும். இரண்டு புலிகளுக்கு ஒரே மாதிரி வரி இருக்காது, நம் கைரேகை மாதிரி என்று சொன்னேன். ஒரே புலிக்கும் இடப்பக்க வரி வேறு, வலப்பக்க வரி வேறு. அதனால்தான் காட்டில் தானியங்கிக் கேமராவைப் பாதையின் இரண்டு புறமும் எதிரெதிராகக் கட்டுகிறார்கள். நூலகத்தில் இரண்டு அலமாரிகளுக்கு நடுவே என் கைப்பேசியையும் சக ஆசிரியை ஒருவரின் கைப்பேசியையும் பொருத்தினோம். பிள்ளைகள் புலியைத் தூக்கிக்கொண்டு இஷ்டத்துக்கு நடமாடினார்கள். சிலர் நாலு தடவை குறுக்கே போனார்கள். சிலர் போகவே இல்லை. கடைசியில் இருபத்து நான்கு படங்கள். எத்தனை புலி?

ஒரு குழு இருபத்து நான்கு என்றது. ஒரு குழு பதினான்கு. வரிகளை ஒப்பிட்டு ஒப்பிட்டு ஒரு மணிநேரம் சண்டை போட்டபின் எட்டு என்று முடிவானது. ஆனால் வகுப்பில் இருந்தது பதினொரு புலிகள். மூன்று புலிகள் கேமரா பக்கமே வரவில்லை.

“அப்ப வராத புலிய எப்படி சார் எண்ணுறது?”

இந்தக் கேள்வியை எந்தச் சுவரொட்டியும் எனக்குக் கொடுத்ததில்லை. ஆய்வாளர்கள் கணக்குப் போடுவதே இந்த இடத்தில்தான் என்றேன். பிடிபட்ட புலி எத்தனை தடவை திரும்பப் பிடிபட்டது என்பதை வைத்து, பிடிபடாத புலியைக் கணிக்கிறார்கள். 2016 தொடங்கி 2020 வரை தீபகற்பம் முழுக்க இப்படிக் கேமரா வைத்துத்தான் தேசியப் புலிக் கணக்கெடுப்பு நடந்தது. 150க்கும் குறைவு என்று வந்தது. 1950களில் மூவாயிரம் இருந்திருக்கலாம் என்பது பழைய மதிப்பீடு. இந்த எண்களை முன்பும் சொல்லியிருக்கிறேன், ‘பாவம்’ என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இந்தமுறை கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எட்டு புலியை எண்ணவே ஒரு மணிநேரம் ஆனவர்கள் அவர்கள்.

பிறகு காலடித் தடம். பிளாஸ்டர் மாவு இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. இட்லி மாவுக்கும் தோசை மாவுக்கும் நடுவில் இருக்க வேண்டும் என்றால் பிள்ளைகளுக்கு உடனே புரிகிறது. அட்டையை வளையமாக்கித் தடத்தைச் சுற்றி மண்ணில் குத்தி, மாவை ஊற்றி அரைமணிநேரம் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் உடைந்துவிடும். கத்தியால் சுற்றி மண்ணோடு தோண்டி எடுக்க வேண்டும். ஓடைக்கரையில் உடும்பு கிடைத்தது, நடுவில் வாலிழுத்த கோட்டோடு. மரநாய் கிடைத்தது, ஐந்து விரல். நாய்க்கு நகம் பதியும், பூனை இனத்துக்குப் பதியாது என்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள். அதிகம் கிடைத்தது காட்டுப்பன்றி. இரண்டு குளம்பு, பின்னால் இரண்டு புள்ளி.

மூன்றாவதாக நூல்கண்டு. பதினொரு பேரும் வட்டமாக நின்று ஒருவருக்கொருவர் நூலை வீச வேண்டும். ஒருத்தி மழை, ஒருவன் புல், ஒருவன் கடமான், ஒருவன் கேளையாடு, ஒருவன் பன்றி, ஒருத்தி புலி. யார் யாரைத் தின்கிறார்களோ, யார் யாரால் வாழ்கிறார்களோ அவர்களுக்கெல்லாம் நூல் போகும். அப்போது அவன்தான் கேட்டான். “மனுசன் எங்க சார் நிக்கணும்?”

“நீ மனுசனா இரு. வெளிய நில்லு” என்று சொல்லி அவன் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்தேன். பன்றியின் நூலை வெட்டச் சொன்னேன். வெட்டினான். புலியாக நின்ற பெண்ணின் கையில் நூல் தொய்ந்தது. எல்லாரும் “ஆஆ” என்றார்கள். பாடம் அருமையாக அமைந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அந்தக் கத்தரிக்கோலை நான் ஏன் அவனிடம் கொடுத்தேன் என்று அன்றைக்கு யோசிக்கவில்லை.

கடைசியாகக் கண்ணி தேடுவது. ஓர் ஆசிரியர் பயிலரங்கில் கற்றுக்கொண்டது. பள்ளிக்குப் பின்னால் சரிவில், சணல் கயிற்றால் பத்துச் சுருக்குகளை மறைத்து வைத்தேன். இருபது நிமிடத்தில் எத்தனை கண்டுபிடிக்க முடிகிறது பார்க்கலாம் என்றேன். வனக்காவலர்கள் எவ்வளவு மெதுவாக நடக்க வேண்டியிருக்கிறது என்று காட்டுவதுதான் நோக்கம். ஒரு குழு மூன்று, ஒரு குழு நான்கு கண்டுபிடித்தது. அவன் தனியாளாக ஒன்பது. பத்தாவதைப் பார்த்துவிட்டு உதட்டைச் சுழித்தான்.

“சார், இங்க வெச்சா ஒண்ணும் மாட்டாது. பன்னி போற வழி அந்தப் பக்கம். பாருங்க, மண்ணு வழவழன்னு இருக்கு.”

வெள்ளிக்கிழமை அது. திங்கட்கிழமை காலை மேசைமேல் கேபிள்.

*

செவ்வாய்க்கிழமை அவன் வரவில்லை. புதனும் வரவில்லை. வியாழன் ஓய்வு நேரத்தில் அவனுடைய கூட்டாளி என் பக்கத்தில் வந்து நின்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “அவங்கப்பா அடிச்சிட்டாரு சார். நீ என்னா போலீசான்னு கேட்டு அடிச்சாராம்.”

நடந்தது இதுதான். கைத்தட்டல் வாங்கிய பையன் நேராக வீட்டுக்குப் போயிருக்கிறான். வேலை முடிந்து வந்த அப்பாவிடம், நீங்க செய்யறது குத்தம், சார் சொல்லிட்டாரு, உங்களப் புடிச்சுட்டுப் போயிடுவாங்க என்றிருக்கிறான். பத்து வயதுப் பிள்ளைக்கு நான் ஒரு பதக்கத்தைக் குத்தி அனுப்பியிருந்தேன். அதன் ஊசி யார்மேல் குத்தும் என்று பார்க்கவில்லை.

ஆசிரியர் அறையில் இரண்டு விதமான ஆலோசனை கிடைத்தது. ஒருவர், பெர்ஹிலித்தானுக்குத் தகவல் சொல்வதுதான் முறை என்றார். இன்னொருவர், பெற்றோர் விவகாரம், தலையிடாதீர்கள் என்றார். இரண்டுமே சரியாகத்தான் பட்டன. கண்ணி வைப்பது 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் தேவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு பிள்ளை என்னை நம்பி மேசையில் வைத்த பொருளை வைத்து அவன் அப்பாவைப் பிடித்துக் கொடுத்தால், அதற்குப்பின் இந்தப் பள்ளியில் எந்தப் பிள்ளையும் எதையும் என் மேசையில் வைக்காது. நான் புகார் செய்யவில்லை. அது தவறு என்று இதைப் படிக்கும் உங்களில் சிலர் சொல்லலாம். சொல்ல உரிமை இருக்கிறது.

வெள்ளிக்கிழமை மாலை அவன் வீட்டுக்குப் போனேன். தோட்டத்தின் கடைசி வரிசை வீடு. அதற்கப்பால் அரை ஏக்கர் மரவள்ளி, அதற்கப்பால் காடு. அவன் அப்பா திண்ணையில் உட்கார்ந்து குலை வெட்டும் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். எழுந்து நாற்காலியைத் தட்டிப் போட்டார். உட்காரச் சொன்னார். பிறகு கேட்டார்.

“நான் திருடனா சார்?”

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“புள்ள கேக்குறான், அப்பா ஜெயிலுக்குப் போவீங்களான்னு. ராத்திரி சோறு துன்னல சார் அவன். நான் அடிச்சதுக்கு இல்ல. போலீஸ் வரும்னு வாசலையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தான்.”

“தப்பு என்மேலதாண்ணே” என்றேன். அதை மட்டுமாவது சரியாகச் சொன்னேன்.

அவன் அம்மா கோப்பி கொண்டுவந்து வைத்தார். பையன் கதவுக்குப் பின்னால் நிற்பது தெரிந்தது. கால் மட்டும் தெரிந்தது.

அவர் எழுந்து மரவள்ளியைக் காட்டினார். மூன்றில் ஒரு பங்கு கொல்லை உழுது போட்ட மாதிரி கிளறிக் கிடந்தது. “ஒரே ராத்திரி சார். தோட்டத்துல சொன்னா, அது உன் சொந்த நடவு, நாங்க பொறுப்பில்லங்குறான். எனக்கு டன் கணக்குலதான் சம்பளம். மழைக்காலத்துல குலை கொறஞ்சா இந்தக் கெழங்குதான். பன்னி இங்க வருது, உதிரிப்பழம் திங்குது, கெழங்கத் தோண்டுது. நான் பன்னிக்குத்தான் வெச்சேன். புலிக்கு வெக்கல. புலியப் பத்தி நாங்க பேர் சொல்லிக்கூட பேசமாட்டோம் சார். பெரியவருன்னுதான் சொல்லுவோம்.”

பன்னிக்கு வெச்சது. இந்த வார்த்தை எனக்குப் புதிதல்ல. நான் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில். சனிக்கிழமை சாயங்காலம் லயத்தில் பன்னிக்கறி பங்கு போடுவார்கள். எங்கள் பங்கு நாளிதழில் சுற்றி வரும். அம்மா மிளகைத் தூக்கலாக அரைத்துப் போட்டுக் குழம்பு வைப்பார். மழைநாளில் அந்த வாசனை இப்போதும் எனக்கு நினைவுக்கு வரும். அது எப்படிப் பிடிபட்டது என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. வகுப்பில் ‘கெட்டவர்கள்’ என்று பிள்ளைகள் சொன்னபோது தலையாட்டிய அதே ஆள், அந்தக் குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கித் தின்றவன். வகுப்பில் இதை நான் சொன்னதே இல்லை. பட்டணத்தில் பிறந்து காட்டைப் படத்தில் பார்த்தவன் மாதிரிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு அவரிடம் சொன்னேன். சிரித்துவிட்டார். “அப்ப சாரும் நம்ம ஆளுதான்.”

அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் என்னால் மற்றதைப் பேச முடிந்தது. சுருக்குக்கு யார் காலென்று தெரியாதுண்ணே என்றேன். கம்பி மக்காது. வைத்த ஆள் மறந்துபோனாலும் அங்கேயே இருந்து பிடித்துக்கொண்டே இருக்கும். இன்னொன்று, கடமான் அருகிப்போன காட்டில் புலிக்கு மிஞ்சியிருப்பது பன்றிதான். அதையும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்து 2021 முதல் பல காடுகளில் குறைத்துவிட்டது. வெறும் பன்றி மாட்டினாலும் அது பெரியவருடைய சோறு.

அவர் அரிவாளைக் கீழே வைத்தார். கதவுப் பக்கம் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார்.

“மூணு வருசம் ஆச்சு சார். வெச்ச எடத்துக்குப் போறேன். கம்பி இறுகிக் கெடக்கு. உள்ள பாதம் மட்டும் இருக்கு. பன்னி காலு இல்ல. நகம் இவ்வளவு நீளம்.” விரலால் காட்டினார். “கரடி. கடிச்சுத் துண்டாக்கிட்டுப் போயிருக்கு சார், அதோட சொந்தக் காலை.”

“என்ன செஞ்சீங்க?”

“பொதைச்சேன். யார்கிட்டயும் சொல்லல. அவங்கம்மாகிட்ட கூட சொல்லல.”

“அதுக்கப்புறம் வெக்கலயா?”

கொஞ்ச நேரம் யோசித்தார். பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு முன்னால் பொய் சொல்வது ரொம்பச் சுலபம்.

“ஒரு மாசம் வெக்கல” என்றார்.

கதவுக்குப் பின்னால் தெரிந்த கால் அசையவில்லை. அவனும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

கிளம்பும்போது கேட்டேன், பள்ளிக்கூடத்துக்கு வந்து பிள்ளைகளுக்குத் தடம் பார்க்கக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று. “நானா?” என்றார். “நான் மூணாவது வரைக்கும்தான் சார் படிச்சேன்.”

*

மூன்று சனிக்கிழமை கழித்து வந்தார். தீபாவளிக்குப் போடுவது மாதிரி இஸ்திரி போட்ட சட்டை. காலில் ரப்பர் பூட்ஸ்.

நான் புத்தகத்தில் படித்துச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் அரைமணிநேரத்தில் சிறுபிள்ளை விளையாட்டாகிவிட்டது. தடத்தைக் காலுக்குக் கீழே தேடாதீங்க, பத்தடி தள்ளிப் பாருங்க என்றார். தடத்துக்குள் மழைத்துளிக் குழி இருந்தால் மழைக்கு முன்னால் போனது, இல்லாவிட்டால் பின்னால் போனது. செம்பனை மரத்தில் சேறு பூசியிருந்த உயரத்தைக் கையால் அளந்து, “இந்தப் பன்னி உங்க இடுப்பு ஒசரம்” என்றார். பிள்ளைகள் அந்த மரத்தோடு சேர்ந்து நின்று அளந்து பார்த்தார்கள். கூட்டமாகப் போனதா, தனி ஆணா, குட்டி இருந்ததா என்று மண்ணைப் பார்த்துச் சொன்னார். என் பாடக் குறிப்பில் இவை எதுவும் இல்லை.

அவன் அப்பாவுக்கு ஓரடி பின்னால் நடந்துகொண்டிருந்தான். அந்தத் திங்கட்கிழமை பெருமையைவிட இது சத்தமில்லாமல் இருந்தது.

அன்றைக்கு அவரே பிள்ளைகளிடம் கரடியின் கதையையும் சொன்னார். நான் கேட்டுக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, “நான் செஞ்சது அது” என்றார். பிள்ளைகள் ‘கெட்டவர்’ என்று சொல்லவில்லை. ஒரு பெண் மட்டும் கேட்டாள். “அந்தக் கரடி இப்ப எப்படி அங்கிள் மரம் ஏறும்?” அவர் பதில் சொல்லவில்லை. வேலிப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

அதற்குப் பிறகு பாடத்தின் கேள்வியே மாறியது. யார் கெட்டவர் என்பது போய், பன்றி கிழங்கைத் தின்னாமல் இருக்க என்ன செய்யலாம் என்பது வந்தது. பள்ளிவளாகத் தோட்டத்திலும் பன்றி வந்துகொண்டுதான் இருந்தது. வேலிக்கு வெளியே ஓரடி அகலத்துக்கு மண்ணைச் சலித்துச் சமப்படுத்திவைத்தோம். தினம் காலையில் இருவர் போய்த் தடத்தை எண்ணி, தேதி போட்டு எழுதி, மண்ணை மறுபடி வாரிவிட வேண்டும். இரண்டு வாரம் எழுதியபின் பழைய தகரங்களைச் சேகரித்து வேலி கட்டினோம். தகரத்தை ஓரடி ஆழத்துக்குப் புதைக்காவிட்டால் மூக்கால் நெம்பித் தூக்கிவிடும் என்றார் அவர். புதைத்தோம். அடுத்த இரண்டு வாரமும் பன்றி வந்தது. வெளியே நின்று பார்த்துவிட்டுப் போன தடங்கள் மண்ணில் இருந்தன. ஒரே ஒருமுறைதான் உள்ளே நுழைந்தது. அது எந்த மூலையில் நுழைந்தது என்று கண்டுபிடித்து அந்தத் தகரத்தை இன்னும் ஆழமாக இறக்கினார்கள். மூன்று கணக்குப் பாடமும் ஒரு கட்டுரைப் பயிற்சியும் அந்த மண்ணிலிருந்தே கிடைத்தன.

இதையெல்லாம் எழுதும்போது ஒரு தகர வேலியால் புலி பிழைத்துவிடும் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். 2019 மே மாதம் சபாவில் தாம் என்ற ஆண் காண்டாமிருகம் இறந்தது. அதே வருடம் நவம்பரில் இமான் என்ற பெண் காண்டாமிருகமும் இறந்தது. அதோடு மலேசியாவில் சுமத்திரா காண்டாமிருகம் என்ற இனமே முடிந்தது. அந்த நேரத்தில் எத்தனை பள்ளிகளில் காண்டாமிருகத்துக்கு வண்ணம் தீட்டினார்களோ தெரியாது. நாடு தன் சின்னத்தில் இரண்டு புலிகளை நிறுத்திவைத்திருக்கிறது. காடு யார் கையெழுத்தில் போகிறது, கம்பி யார் பணத்தில் வருகிறது என்பதெல்லாம் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத விஷயங்கள். என் கைக்கும் எட்டாதவை. எட்டுகிற இடத்தில் ஓர் அரை ஏக்கர் மரவள்ளி இருந்தது.

செய்து கற்பது நல்லது என்று ஆசிரியர்கள் எல்லாரும் சொல்கிறோம். எனக்குத் தாமதமாகப் புரிந்தது இது. பிள்ளையின் கையில் நெசமான ஒன்றைக் கொடுத்தால் அது வகுப்போடு நிற்காது, வீட்டுக்குப் போகும். வீட்டிலிருந்தும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வரும். அது மேசையில் கிடக்கும்போது நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் பாடம். அந்தத் திங்கட்கிழமை நான் கை தட்டியிருக்கக் கூடாது. கம்பியை எடுத்து மேசை அறையில் வைத்துவிட்டு, “நல்லதுப்பா, அப்புறம் பேசலாம்” என்று சொல்லியிருந்தால் போதும்.

*

வருடக் கடைசியில் ஒரு மாலை அவர் மோட்டாரில் வந்து ஓர் உரச்சாக்கைக் கொடுத்தார். உள்ளே ஏழு கேபிள்கள். “வேலி கட்ட ஒதவும் சார்” என்றார். இவ்வளவுதானா என்று நான் கேட்கவில்லை. இவ்வளவுதான் என்று அவரும் சொல்லவில்லை. அன்றைக்கே குறடால் ஏழையும் நறுக்கினேன். மேசையறையில் இருந்த எட்டாவதையும் நறுக்கினேன். துண்டுகளை வைத்துத்தான் தகரங்களைக் கம்பத்தோடு கட்டியிருக்கிறோம். அவர் கொல்லையிலும் இப்போது பாதி தூரத்துக்குத் தகரம் ஏறியிருக்கிறது. மீதிக்குத் தகரம் தேடிக்கொண்டிருக்கிறோம்.

நூல்கண்டு விளையாட்டை அந்த வகுப்போடு மறுபடி விளையாடினேன். இந்தமுறை கத்தரிக்கோல் இல்லை. “மனுசன்” என்று சொல்லிவிட்டு அவனே வந்து வட்டத்துக்குள் நின்றான், மரவள்ளிக்கும் பன்றிக்கும் நடுவில். அவன் கையில் மற்ற எல்லாரையும்விட அதிகமாக நூல் சிக்கிக்கொண்டது. மணி அடித்தபிறகும் அவிழ்க்க முடியாமல் ஓய்வு நேரம் முழுக்க உட்கார்ந்து அவிழ்த்தார்கள்.

அறிவியல் அறை அலமாரியில் பிளாஸ்டர் தடங்களை வரிசையாக அடுக்கியிருக்கிறோம். உடும்பு, மரநாய், கேளையாடு, பன்றி நான்கு அளவில். போன வாரம் அவன் அட்டை வளையங்களை வெட்டிக்கொண்டிருந்தான். ஒன்றைத் தூக்கிக் காட்டிக் கேட்டான்.

“சார், பெரியவர் காலுக்கு இது பத்துமா?”

என் உள்ளங்கையை அதற்குள் வைத்துப் பார்த்தேன். அதற்கே சரியாக இருந்தது.

“பத்தாதுப்பா, இன்னும் பெருசா வெட்டு” என்றேன்.